அண்ணையின் பெயர்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருத்தி பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத வருவது பிழையாகப் படலாம். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அங்கே படித்தவளும் இல்லை, படிப்பித்தவளும் இல்லை. பதினோரு வருடமாக ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியைத் துடைக்கிறவள். நாலு பேருக்கு முன்னால் நின்று கதைக்கவும் எனக்கு வராது. ஆனால் என்னோடு வேலை செய்த ஒருவரைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வேறு யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அவரை நினைத்தால் முதலில் ஒரு மஞ்சள் தாள்தான் கண்ணுக்குள் வரும். கீழ்த்தளத்தில் மாணவர் சேவை அலுவலகம் இருக்கிறது. அங்கே இருக்கிற மேடம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வாரத்தில் நடக்கப் போகிறவற்றை ஒரு மஞ்சள் தாளில் அச்சடித்து எல்லா மாடிகளின் அறிவிப்புப் பலகைகளிலும் குத்தச் செய்வார். எத்தனை மணிக்கு எங்கே சூப் கொடுக்கிறார்கள், பிரெஞ்சு கதைத்துப் பழக விரும்புகிறவர்கள் எந்த அறையில் கூடுகிறார்கள், குளிர் உடுப்பு மாற்றிக்கொள்வது என்றைக்கு, மனம் சரியில்லாதவர்கள் யாரிடம் போய்க் கதைக்கலாம், எந்த மாலையில் வயலின் வாசிக்கிறார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். கடைசி வரியில், பல்கலைக்கழகச் சமூகத்தினர் அனைவரும் வரலாம் என்று போட்டிருக்கும்.

அந்த அனைவரில் நாங்களும் அடக்கம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எங்கள் சம்பளம் வருவது துப்புரவுக் கம்பனியிடமிருந்து, பல்கலைக்கழகத்திடமிருந்து அல்ல. அது ஒரு காரணம். மற்றக் காரணத்தை எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரை ஒரு காரியத்துக்கு அழைப்பதென்றால் வீட்டு வாசலுக்கு வந்து, முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அழைப்பிதழைத் தபாலில் போட்டுவிட்டு இருந்தால் போகமாட்டார்கள். மொன்றியலுக்கு வந்து முப்பது வருடமானாலும் போகமாட்டார்கள். அப்படியிருக்க, சுவரில் குத்தியிருக்கிற தாளைப் பார்த்துவிட்டு யார் போவார்கள்?

இரண்டாம் மாடியில் வேலை செய்த அண்ணை அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். திங்கட்கிழமை காலையில் தன் பகுதியை முடித்துவிட்டு, மேடத்திடம் போய்த் தனக்கென்று ஒரு மஞ்சள் தாள் வாங்குவார். விளங்காத பிரெஞ்சுச் சொற்களை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வார். பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி, எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து சொல்லுவார். வாளியும் தடியுமாக நிற்கிற எனக்கு முன்னால் வந்து, கையிலிருக்கிற துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கலியாணத்துக்குச் சொல்ல வந்தவர் மாதிரி நிமிர்ந்து நிற்பார். வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கீழே சூப், நீங்கள் கட்டாயம் வரவேணும் என்பார். அடுத்த வரியை வாசித்து, அதற்கும் கட்டாயம் வரவேணும் என்பார். யோகா வகுப்பு என்ற வரி வந்தால் மட்டும் தாளை மடித்துவிடுவார். "நாங்கள் ஒவ்வொரு நாளும் குனிஞ்சு நிமிர்ந்து செய்யிறதை அவை பாய் விரிச்சுச் செய்யினம், தங்கச்சி. அதுக்கு நீர் போகத் தேவையில்லை."

ஒருநாள் நான் அவரைச் சீண்டினேன். "அண்ணை, உங்களுக்கு இஞ்ச துடைக்கிற வேலையோ, அழைப்புச் சொல்லுற வேலையோ?"

"துடைச்சா நாளைக்குத் திரும்பவும் ஊத்தை. இது ஒருக்காச் சொன்னாக் காணுமெண்டு பாத்தன். நான் ஒரு வருசமாச் சொல்லியும் நீர் வாறீரில்லை."

அதற்குப் பிறகு மறுக்க முடியாமல் ஒரு வியாழக்கிழமை போனேன். நீல மேற்சட்டையைக் கழற்றவும் வெட்கம், கழற்றாமல் நிற்கவும் வெட்கம். பருப்புச் சூப்பும் ஒரு துண்டுப் பாணும் தந்தார்கள். சுவரோரமாக இருந்து குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்திருந்த ஒரு படிக்கிற பெண் சிரித்துக்கொண்டே, நீங்கள் எந்தத் துறை என்று பிரெஞ்சில் கேட்டாள். நான் அவசரமாகப் பாணைக் கடித்தேன். மற்றப் பக்கத்தில் இருந்த அண்ணை கோப்பையிலிருந்து முகத்தை எடுக்காமலே எனக்காகப் பதில் சொன்னார்: "மூன்றாம் மாடி." அந்தப் பெண் ஏதோ புதிய துறை என்று நினைத்தாளோ என்னவோ, மரியாதையாகத் தலையை ஆட்டினாள். அன்றைக்குப் பின்னேரம் முழுவதும் வாளியைத் தள்ளும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது.

கார்த்திகை மாதத்துத் தாளில் ஒரு வரி வரும். அந்த வருடத்தில் இறந்துபோன மாணவர்களையும் வேலை செய்தவர்களையும் நினைத்து ஒரு கூட்டம். பெரிய மண்டபத்தில் ஒவ்வொரு பெயராக வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மணி அடிப்பார்கள். அதை மட்டும் அண்ணை வேறு மாதிரிச் சொல்லுவார். கட்டாயம் வரவேணும் என்று சொல்லமாட்டார். எங்கள் வழக்கத்தில் செத்தவீட்டுக்கு அழைப்பில்லை. தெரிந்தால் போக வேண்டியதுதான். நாளையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் பேசாமல் போய்விடுவார். ஆனால் தான் ஒவ்வொரு வருடமும் போய்ப் பின்பக்கத்தில் நிற்பார். அங்கே வாசிக்கிற ஒரு பெயரும் அவருக்குத் தெரிந்த பெயர் அல்ல. ஏன் போறீங்கள் என்று கேட்டேன். "பேர் வாசிக்கேக்க ஆராவது நிக்கவேணுமெல்லோ" என்றார்.

போன ஆடி மாதம் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக நான் ரொறன்ரோவில் நின்றபோது அண்ணை மாரடைப்பில் இறந்துவிட்டார். எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆவணியில் திரும்பி வந்தேன். இரண்டாம் மாடியில் வேறொருவர் நின்றார். இத்தனை விசயங்களைச் சொல்லுகிற பலகைகளில் ஒன்றிலாவது அவர் போனதைப் பற்றி ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை. செத்தவீட்டுக்கும் போகவில்லை, முப்பத்தோராம் நாள் சடங்குக்கும் போகவில்லை என்பதால், நாள் கடந்து போய் அவருடைய மனைவியின் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அப்படியே கார்த்திகை வந்துவிட்டது. திங்கட்கிழமை யாரும் வந்து சொல்லாததால் பலகைக்கு முன்னால் நின்று நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன். கூட்டம் அடுத்த கிழமை, பெயர்களை இந்த வெள்ளிக்கிழமைக்கு முன் கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. நான் கொடுக்காவிட்டால் அந்த மண்டபத்தில் அவருடைய பெயர் வராது. மூன்று நாள் அந்த அலுவலகக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். நாலாம் நாள் உள்ளே போய்விட்டேன்.

மேடத்துக்கு அவர் இறந்தது தெரியாது. வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருந்தாராம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கம்பனி ஆட்களின் பெயரைச் சேர்க்கலாமா என்று அவருக்குத் திடமாகத் தெரியவில்லை. யாருடனோ தொலைபேசியில் வெகுநேரம் கதைத்தார். குரல் ஒருதரம் உயர்ந்தது. வைத்துவிட்டு, எழுதுங்கள் என்று ஒரு படிவத்தை என்னிடம் தள்ளினார்.

பேனையைப் பிடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினோரு வருடமும் நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எங்களுக்கு இல்லை. அவருடைய நெஞ்சில் தொங்கிய அட்டையை நினைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்தும் ஒரு பெயரும் இருந்தன. ஊரில் பள்ளிக்கூட வரவு இடாப்பில் இருப்பது மாதிரி, முன்னால் இருக்கிற எழுத்து தகப்பனாருக்கு, பின்னால் இருக்கிற பெயர் அவருக்கு என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன். இந்த நாட்டில் அது தலைகீழ். என்னுடைய அட்டையிலும் என் பெயருக்கு ஓர் எழுத்துத்தான், முழுதாக இருப்பது என் கணவரின் பெயர். யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. மேடமும் அவரை அந்தப் பெயரால்தான் அறிந்திருந்தார்.

அச்சடித்த நிகழ்ச்சித் தாள் கூட்டத்துக்கு முதல் நாள் கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே சென் மிஷேலில் இருக்கிற அண்ணையின் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவ, கதவைத் திறந்தா. ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்று ஒரு சொல் கேட்கவில்லை. அழுதோம். பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தா. நான் விசயத்தைச் சொல்லி நிகழ்ச்சித் தாளைக் கொடுத்தேன். பெயர்களின் வரிசையில் விரலை வைத்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினா.

"பிள்ளை, இது மாமான்ர பேரெல்லோ."

எனக்கு விளங்கவில்லை.

"இவற்ற அப்பா. அவர் ஊரில காலமாகி இருபது வருசம்."

தேத்தண்ணிக் கோப்பை கையில் சுட்டது. பல்கலைக்கழகம் முழுவதும் கூடிநின்று, அங்கே காலடி வைக்காத ஒரு மனிதருக்கு மணி அடிக்கப் போகிறது, என்னால். அப்படியானால் அண்ணையின் பெயர் என்ன என்று கேட்டேன். அக்கா வாயைத் திறந்தா, மூடினா. அந்தக் காலத்துப் பெண்களைப் போல அவ கணவனின் பெயரைச் சொல்லாதவ. இஞ்சேருங்கோ என்றுதான் கூப்பிடுவாவாம். எழும்பிப்போய் அலுமாரியிலிருந்து முப்பத்தோராம் நாள் நினைவு மலரை எடுத்து வந்து, அதன் முன்னட்டையில் அண்ணையின் படத்துக்குக் கீழே இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினா. நான் மனதுக்குள் வாசித்தேன். எனக்குப் பழக்கமில்லாத யாரோ ஒருவரின் பெயர் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மேடத்திடம் போய் என் பிழையைச் சொன்னேன். தாளைத் திரும்ப அச்சடிக்க நேரம் இல்லை என்றார். நான் இப்போது எழுதிக் கொடுத்த சரியான பெயரை மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இதைப் பிழையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்றார். என்னால் முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அந்த இடம் வரும்போது நான் உங்களைப் பார்ப்பேன், சொல்லாவிட்டால் தாளில் இருப்பதை வாசிக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் நாலு மணிக்குக் கூட்டம். அக்கா வெள்ளைச் சேலைக்கு மேல் குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டு மெட்ரோவில் வந்திருந்தா. இரண்டு பேரும் நடு வரிசையில் இருந்தோம். பெரிய படிப்புப் படித்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பன், தோளோடு தோள் உரசி நின்ற இளம் பிள்ளைகள். மேடம் ஒரு பெயர் வாசிப்பார், மணி அடிக்கும், அது அடங்கும் வரைக்கும் காத்திருந்து அடுத்த பெயரை வாசிப்பார். அண்ணையின் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முன் வரிசையில் சிலர் திரும்பினார்கள். நான் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டால் மேடம் தாளைக் குனிந்து பார்ப்பார், மணி அடித்துவிடும், எல்லாம் முடிந்துவிடும்.

அக்கா என்னைத் தட்டவில்லை. நான் தாண்டிப் போவதற்கு வழியாகத் தன் முழங்கால்களை மெல்ல ஒதுக்கினா.

நான் போகவில்லை. இருந்த இடத்திலேயே எழும்பி நின்றேன். ஊரில் சொல்வது மாதிரி முதலில் தகப்பனாரின் பெயரையும் அதற்குப் பின்னால் அண்ணையின் பெயரையும் சொன்னேன். குரல் பெரிதாக வரவில்லை. ஆனால் அந்த மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்தபடியால் எல்லாருக்கும் கேட்டிருக்கும். மணி அடித்தது. எப்போது திரும்பவும் கதிரையில் இருந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

முடிந்த பிறகு மேடம் வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவருக்கொருவர் பாசை தெரியாது. நாங்கள் மெட்ரோ மேடையில் வந்து நின்றபோது அக்கா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

"இன்னொருக்காச் சொல்லு பிள்ளை."

சொன்னேன்.

"மாமாவை விட்டிட்டுச் சொல்லு. இவற்றயை மட்டும்."

அண்ணையின் பெயரை மட்டும் சொன்னேன். அக்கா முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டா. ரயில் வந்தது. ஏறிக்கொண்டோம். பார்க் நிலையத்தில் நான் இறங்கும்போது, கவனமாப் போ என்றா.

மறுநாள் வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தில் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டார்கள். வரிசை நிற்க இடம் வேண்டும் என்பதால் காலை ஆறரை மணிக்கே கதிரைகளை எல்லாம் சுவரோரமாக அடுக்கினோம்.