பாவாடைப் பையில் அரிசி

கேரளத்து அரூரில், இறால் உரிக்கும் ஷெட்டில் ஓமனாவை ஏமாற்றுவது நடக்காத காரியம். உரித்த இறாலை நிறுக்கும்போது எல்லோரும் தராசைப் பார்ப்பார்கள். அவள் நிறுப்பவனின் சுண்டுவிரலைப் பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சிரித்தால்கூட, பையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் மகளின் பாவாடைப் பையில் அரிசியைக் கண்டால் சும்மா விடுவாளா? அனகா நாலாம் வகுப்பு. வாய்க்கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் ஒன்பது வயதாகியும் எழுத்து மட்டும் பிடிபடவில்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கென்றே வாரத்தில் இரண்டு நாள் ஜெஸ்ஸி டீச்சர் வந்து, அவளைத் தனியாகக் கூட்டிப் போவாள். அந்த நாட்களில்தான் பையில் அரிசி.

"இது எங்கிருந்து வந்துச்சு மோளே?"

"கீழ கெடந்துச்சு."

"டீச்சர் என்னதான் சொல்லித் தர்றாங்க?"

"ஒண்ணுமில்லம்மா." பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓமனாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படிப்பு வராதவள்தானே என்று மதிய உணவுச் சமையலறையில் அரிசி புடைக்க உட்கார்த்தியிருக்கிறார்கள்.

"என்னை மாதிரியே இவளும் ஷெட்டுல குந்தணும்னு முடிவு கட்டிட்டாங்க," என்றாள், கூட உரிக்கும் ராதாமணியிடம். "ஸ்கூல்லேருந்து பேரை வெட்டிடப் போறேன் சேச்சி."

"நீ கண்ணால பாத்தியாடி?"

"பாத்துட்டுத்தான் வெட்டுவேன்."

அடுத்த முறை ஜெஸ்ஸி டீச்சர் வந்த அன்று, அரைநாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளியின் பின்வாசல் வழியாக நுழைந்தாள். சமையலறையில் சமையல்காரி மட்டும் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் எங்கே என்று கேட்டதற்குக் கத்தியாலேயே கடைசி அறையைக் காட்டினாள்.

ஓமனா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தட்டு நிறைய அரிசி. அனகா அதில் விரலால் எழுதிக்கொண்டிருந்தாள்; கீழே சிதறிய மணிகளைப் பொறுக்கிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

விஜயதசமியன்று மூன்று வயதுப் பிள்ளையை மடியில் வைத்து, விரலைப் பிடித்து, அரிசியில் முதலெழுத்து எழுதவைப்பது ஊர் வழக்கம். ஆறு வருஷத்துக்கு முன் அப்படி எழுதவைத்தபோது அனகா ஆசானின் பிடியிலிருந்து விரலை உதற, தட்டு கவிழ்ந்துவிட்டது. "எழுத்தெல்லாம் கொட்டிப் போச்சு" என்றாள் நாத்தனார். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட ஓமனா, அந்த ஒரு பேச்சை மட்டும் சந்தேகமில்லாமல் நம்பிவிட்டாள்.

விடுவிடுவென்று உள்ளே போனாள். "மூணு வயசுல பண்றதை இப்பப் பண்றீங்களே, எம்பொண்ணு என்ன கேலிப்பொருளா?"

"பாத்து எழுதினா இவளுக்கு மனசுல நிக்க மாட்டேங்குது சேச்சி. தடவி எழுதினா நிக்குது," என்றாள் ஜெஸ்ஸி. "வீட்ல சொல்ல வேண்டாம்னு இவதான் கெஞ்சினா."

"ஏன் மோளே?"

"மறுபடியும் கொட்டிடுவேன்னு நீ பயப்படுவ."

ஓமனா பக்கத்தில் உட்கார்ந்தாள். அனகா அம்மாவின் பெயரை எழுதத் தொடங்கினாள். பாதியில் விரல் தயங்கி நின்றது. ஓமனாவின் கை தானாகவே அதைப் பிடிக்கப் போனது.

"பிடிக்காதேம்மா. நானே எழுதுறேன்."

அனகா அரிசியைத் தடவிச் சமமாக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஓமனா கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.