மைசூர் நம்பர் காருக்கு இன்சூரன்ஸ்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருஷம், அரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் அண்ணன் புளிய மரத்திலிருந்து விழுந்துவிட்டார். என் வீட்டுக்காரர் பெங்களூரில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். தந்தி கிடைத்த அன்றே காரை எடுத்துக்கொண்டு இருவரும் வந்து சேர்ந்தோம். அண்ணனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. முதுகு அசையாமல் படுக்கவைத்து பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார் அரூர் டாக்டர். ரயிலில் ஏற்றி இறக்குவது ஆபத்து என்றார்.

மறுநாள் காலையில் காரின் முன் சீட் ஒன்றைக் கழற்றிவிட்டு, நீளவாக்கில் ஒரு கதவுப் பலகையைப் போட்டு, அதன்மேல் அண்ணனைக் கிடத்திக் கட்டினோம். நான் பின்னால் அவர் தலைமாட்டில் குந்திக்கொண்டேன். குழியில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அவர் பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

கம்பைநல்லூர் தாண்டி ஒரு திருப்பத்தில், புல்லுக்கட்டோடு எதிரே வந்த வயசான அம்மாள் ஒருத்தியை வண்டியின் மட்கார்டு உரசிவிட்டது. கட்டு ஒரு பக்கம் போக, அந்தம்மா கையை ஊன்றி விழுந்தாள். நாங்கள் இறங்கி ஓடுவதற்குள் எழுந்துவிட்டாள். காருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. உள்ள கெடக்கற ஆளப் பாருங்க, போங்க" என்றாள்.

போய்விட்டோம்.

தர்மபுரி எல்லையில் மோட்டார் இன்ஸ்பெக்டர் நிறுத்தினார். பெங்களூர் அப்போது மைசூர் சமஸ்தானத்தில் இருந்ததால் வண்டிக்கு மைசூர் நம்பர்; அதைப் பார்த்ததுமே இன்சூரன்ஸ் காகிதத்தைக் கேட்டார். எங்களிடம் இருந்தது. ஆனால் மைசூர் சமஸ்தானத்துக்குள் மட்டும் செல்லும் என்று அதில் போட்டிருந்தது. எங்கள் வண்டியால் ரோட்டில் யாருக்காவது அடிபட்டால் அவர்களுக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும், அதற்கு இங்கே செல்லுபடியாகும் இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும், இந்த வருஷம் சட்டம் அப்படி வந்திருக்கிறது என்றார். முந்தின நாள் வரும்போது யாரும் கேட்கவில்லையே என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். இன்ஸ்பெக்டர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு கான்ஸ்டபிளைக் காரின் பக்கவாட்டுப் படியில் ஏற்றி, கடைவீதியில் இருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டிடம் அனுப்பினார். காகிதம் இல்லாமல் ஊரைத் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

ஏஜெண்டு டயர் கடையும் வைத்திருந்தார். குட்டையான மனிதர். வெளியே வந்து நம்பரையும் எஞ்சின் நம்பரையும் எழுதிக்கொண்டார். ஒரு மாதத்துக்குத் தற்காலிகக் காகிதம் கொடுக்கலாம் என்றார். வெயில் ஏறிவிட்டது. காரின் கூரை கொதித்தது. அண்ணன் உதட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே நான் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வழியில யாரு மேலயாச்சும் வண்டி பட்டுச்சுங்களா? இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றார் ஏஜெண்டு.

"இல்லைங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

ஏஜெண்டின் பேனா காகிதத்தில் இறங்கியது. அண்ணன் கண் என்மேல் இருந்தது. இதைச் சொன்னால் இங்கேயே கிடக்க வேண்டிவருமோ, அண்ணன் கால் என்ன ஆகுமோ என்றெல்லாம் ஓடியது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"பட்டுச்சுங்க. கம்பைநல்லூர்கிட்ட ஒரு அம்மா விழுந்துட்டாங்க."

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஏஜெண்டு பேனாவை மூடினார். எங்கே, எப்போது, ரத்தம் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு உள்ளே போய்விட்டார். கான்ஸ்டபிள் பீடி பற்ற வைத்தார். அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நான் செய்தது தப்பு என்று அப்போது நிச்சயமாகவே நினைத்தேன்.

ஏஜெண்டு திரும்பி வரும்போது கையில் புதுத் தாள் இருந்தது. நடந்ததை அதில் எழுதியிருந்தார். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, மணியையும் குறித்தார்.

"இந்த நேரத்துக்கு மேல நடக்கறதுக்குத்தான் கம்பெனி பொறுப்பு. அந்தம்மா விசயம் உங்களோடது" என்றார். பிறகு என் வீட்டுக்காரரிடம் தணிந்த குரலில் அவர் சொன்னது எனக்கும் கேட்டது, "இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருந்தா, நாளைக்கு அந்தப் பொய் வெளிய வந்து இந்தக் காகிதமே செல்லாமப் போயிருக்கும்ங்க."

என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை வாங்கிக்கொண்டு, ஓசூர் வரை எங்கும் நிறுத்தாமல் ஓட்டினார். பொழுது சாயும் நேரத்தில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். அண்ணன் நான்கு மாதம் அங்கே கிடந்தார். அதன் பிறகு தடியூன்றி நடந்தார்.

அண்ணியை அழைத்துவர அந்த வாரமே என் வீட்டுக்காரர் திரும்ப ஊருக்குப் போனார். வழியில் விசாரித்து விசாரித்து அந்தம்மா வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். மணிக்கட்டு உடைந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்ததாம். காரில் ஏற்றி தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அப்புறமும் இரண்டு தடவை போய்ப் பார்த்தார். கை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. அதை என்னிடம் சொன்னபோது அவர் கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.