தாமரை ஒட்டிய கடைசிப் பக்கம்

எழுத்தாளர் நம் வீட்டுக்கே வரச் சம்மதித்துவிட்டார் என்று அப்பா வந்து சொன்ன சாயங்காலம், அடுப்பில் இருந்த பாலை அம்மா பொங்கி வழிய விட்டுவிட்டாள். அப்பா அதை நல்ல சகுனம் என்றார். அம்மாவின் முகத்தைப் பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எழுபதுகளின் கடைசி. தில்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்களுக்கு இரண்டு அறை சர்க்கார் குவார்ட்டர்ஸ். அப்பா ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. அது வயிற்றுப்பாட்டுக்கு, அவருடைய நிஜமான உத்தியோகம் வாசிப்பது. தில்லித் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்திய வாசகர் வட்டத்துக்கு அவர்தான் செயலாளர். ஊர்ப்பக்கமிருந்து எந்த எழுத்தாளர் கருத்தரங்கு, கூட்டம் என்று வந்தாலும், சாணக்யபுரி விருந்தினர் விடுதிக்கே போய் ஆளைப் பிடித்து, பேட்டி எடுத்து, வட்டத்தின் ஆண்டு மலரில் போட்டுவிடுவார். எழுத்தாளர் சொன்னால் அப்பாவுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது. காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடலாமா என்பதைக்கூட ஏதாவது ஒரு நாவலில் பார்த்துத்தான் முடிவு செய்வார் என்று அம்மா கேலி செய்வாள்.

இந்த முறை வருகிறவரோ, அப்பா தலையில் வைத்துக் கொண்டாடிய நாவலை எழுதியவர். அந்த நாவல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. தொடர்கதையை வாராவாரம் படிப்பது காப்பியைக் கரண்டியால் குடிப்பது மாதிரி என்பது அப்பாவின் சித்தாந்தம். அதனால் வாராவாரம் படிப்பது அம்மா. படித்ததும் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, முடிந்ததும் சரோஜினி நகர் மார்க்கெட் பைண்டரிடம் கொடுத்துப் புத்தகமாக்குவாள். அந்த ஹிந்திக்கார பையாவுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. அம்மா அடுக்கிக் கொடுத்ததைத் தைத்துக் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் அப்பா கை வைப்பார்.

கதை ஒரு பெண்ணைப் பற்றியது. புருஷனிடம் அடிபட்டு அடிபட்டு, ஒருநாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்பி பஸ் ஏறுகிறாள். பஸ் புறப்படுகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் புத்தகம் அத்தோடு முடிந்தது. கீழே ஊதுபத்தி அட்டையிலிருந்து வெட்டிய ஒரு சின்னத் தாமரை ஒட்டியிருந்தது. பைண்டர் அழகுக்காக வைத்தது என்று அப்பா நினைத்தார்.

"பாரு, அப்புறம் என்ன ஆனான்னு ஒரு வார்த்தை எழுதலையே! இது எழுத்து!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வட்டத்தில் மற்றவர்களும் வாரப் பத்திரிகையைத் தொடாதவர்கள், அதனால் மறுத்துச் சொல்ல ஆளில்லை.

கடைசி அத்தியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குளிர் முடிந்து ரஜாய்ப் போர்வைகளை உள்ளே வைக்கும்போது, பெரிய பெட்டிக்குள் இறங்கி ரசகற்பூர உருண்டை போடுவது என் வேலை. முந்தின வருஷம் அப்படி இறங்கியபோது, பெட்டியின் அடியில் பழைய தாள்களோடு அதுவும் விரித்துக் கிடந்தது. தில்லியில் பிறந்த நான் தமிழ் படிப்பதில் மந்தம் என்பது வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். அந்த தைரியத்தில்தான் அம்மா என்னைப் பெட்டிக்குள் இறக்கினாள் போலும். நானோ எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதும் படித்துவிட்டேன். அந்தப் பெண் திரும்பி வந்துவிடுகிறாள். மாமியார் ஆரத்தி எடுக்கிறாள். அவள் புருஷன் காலில் விழுகிறாள். பைண்டர் பையா தைக்க மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் தொடர்கதை வந்துகொண்டிருந்தபோதே எங்கள் வீட்டிலும் ஒரு டிரங்குப் பெட்டி வந்து இறங்கியிருந்தது. அப்பாவின் தங்கை, என் அத்தை, திருநெல்வேலியிலிருந்து தனியாக ரயிலேறி வந்துவிட்டாள். வந்தபோது அவள் இடது கை வீங்கியிருந்தது. எனக்கு அத்தை வந்ததில் ஏகப்பட்ட சந்தோஷம். ஒரே ரஜாய்க்குள் படுத்துக்கொண்டு, நான் அவளுக்கு ஹிந்தி கற்றுக்கொடுத்தேன். கொஞ்ச நாளில் ஓர் ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட் வேலையும் கிடைத்தது. ஆனால் அத்தை இருப்பாளா போவாளா என்பதை அப்பா சொல்லவே இல்லை. கேட்டால், "பாப்போம்" என்பார். நல்ல மனிதர், ஆனால் நாலு பேர் வாய்க்குப் பயந்தவர். இப்போது அத்தையின் மைத்துனர், அவள் புருஷனின் தம்பி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் வருவதாகத் தகவல் வந்திருந்தது, கையோடு அழைத்துப் போக. அவர் வருவது ஞாயிற்றுக்கிழமை. எழுத்தாளர் வருவது சனிக்கிழமை.

"வீட்டுக்கு எதுக்கு? விடுதியிலேயே வச்சுப் பேசிட்டு வாங்களேன். இங்க ஒக்கார வைக்க நல்ல நாற்காலிகூடக் கெடையாது" என்றாள் அம்மா.

"பக்கத்து குப்தாஜி வீட்டுல வாங்கிக்கிடலாம்" என்றார் அப்பா.

சனிக்கிழமை காலை பைண்டு செய்த புத்தகத்தைக் காணவில்லை. அப்பா வீட்டைத் தலைகீழாக்கினார். அம்மா, தலையை வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். கோதுமை ஆட்டா டின்னுக்குப் பின்னால் அது இருந்ததைக் கண்டுபிடித்து ஓடிவந்து கொடுத்தது நான்தான். அப்பா என்னைத் தட்டிக்கொடுத்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அன்று எனக்கு அர்த்தம் புரியவில்லை.

எழுத்தாளர் ஒல்லியாக, தோளில் ஒரு ஜோல்னாப் பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். குப்தாஜியின் நாற்காலியில் அவர் உட்கார, எதிரே முக்காலியில் இரவல் வாங்கிய டேப் ரிக்கார்டர். வட்டத்து நண்பர்கள் சிலர் ஜமுக்காளத்தில். அத்தை சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். அப்பா சிவப்புப் பொத்தானை அமுக்கித் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, நீங்க எழுதுறது விடியக்காலையிலயா, ராத்திரியிலயா?"

"பத்திரிகை ஆபீஸ் ஆள் சைக்கிள்ல வந்து வாசல்ல நின்னா எழுதுவேன். நிக்கலைன்னா தூங்குவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"கதாபாத்திரங்க கனவுல வந்து பேசுவாங்களா?"

"கனவுல எங்க ஹெட்மாஸ்டர்தான் வருவார். இன்னும் கணக்குப் பரீட்சை வைக்கறார்."

"இந்த நாவல் வந்தப்ப வாசகர்கள் நெறைய எழுதிப் போட்டாங்களாமே?"

எழுத்தாளர் முகம் மாறியது. "சாக்கு சாக்கா வந்துது. குடும்பப் பெண்கள் படிக்கற பத்திரிகையில இப்படி எழுதலாமான்னு. கடைசியில பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, இதோ பாருங்க, இதை எப்படி முடிக்கப் போறீங்கன்னு..."

"காப்பி ஆறிரும்" என்று நடுவில் வந்து தட்டை நீட்டினாள் அம்மா. ஏற்கெனவே ஒரு சுற்றுக் காப்பி ஆகியிருந்தது. டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அப்பா முறைத்தார். டேப்பில் எல்லாம் பதிவாகுமே என்று அவருக்குக் கவலை.

காப்பி குடித்து முடிந்ததும் அப்பா அந்தக் கேள்விக்கு வந்துவிட்டார். அதற்காகத்தான் ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்திருந்தார். "ஐயா, பஸ் ஏறுனவ திரும்பிப் பாக்கலைன்னு நிறுத்திட்டீங்களே, அந்தத் துணிச்சல் எப்படி வந்துச்சு? அடிக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போகண்டாம்னு பச்சையாச் சொல்லிட்டீங்களே!"

எழுத்தாளர் காலி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எங்க நிறுத்தினேன்னு சொல்றீங்க?" என்றார்.

அப்பா பெருமையோடு புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். அவர் கடைசிப் பக்கத்தைப் பிரித்தார். தைத்திருந்த ஓரத்தை விரலால் தடவினார். தாமரையின் மூலையில் நகத்தை வைத்துப் பார்த்தார். பசை விட்டு மூலை லேசாக எழும்பியது, அடியில் அச்சடித்த 'தொடரும்' என்பதன் முதல் எழுத்து எட்டிப் பார்த்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. இத்தனை பெரியவர்கள் முழிக்கிறார்கள். விடை எனக்கு மட்டும் தெரியும். இப்படி ஒரு பாக்கியம் வகுப்பில் ஒருநாளும் வாய்த்ததில்லை.

"நஹீ! அவ திரும்பி வந்துருவா. மாமியார் ஆரத்தி எடுப்பா. நான் படிச்சிருக்கேன்!"

அம்மாவின் விரல்கள் என் தோளில் இறங்கின. அந்தக் கிள்ளு ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அப்பா என்னையும் எழுத்தாளரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னட்டி சொல்லுத?" என்ற அவர் குரலில் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

எழுத்தாளர் தலையைத் தூக்கினார். அம்மாவைப் பார்த்தார். நிலையில் நின்ற அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்துகொள்ளாமல் நேராக அவரைப் பார்த்தாள். அவர் எழும்பிய தாமரை மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"குழந்தை வேற ஏதோ கதையைச் சொல்லுது. இந்தக் கதையை நான் முடிக்க நெனச்ச இடம் இதுதான் சார்" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாமரைக்குக் கீழே 'முற்றும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அறையில் நிஜத்தைச் சொன்னவள் நான் ஒருத்திதான். எனக்குத்தான் கிள்ளும் திட்டும். எழுதினவருக்கே தன் கதை மறந்துபோகுமா என்று ரஜாய்க்குள் அத்தையிடம் கேட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மைத்துனர் வந்தார். அப்பா அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றார். "எந்தங்கச்சி வரமாட்டா. நீங்க சாப்பிட்டுட்டுப் பொறப்படுங்க" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அத்தை தில்லியிலேயே இருந்து, வேலை நிரந்தரமாகி, பென்ஷனும் வாங்கினாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா அந்தக் கையெழுத்தைக் காட்டிக்கொண்டிருந்தார், சாகும்வரை.

அவர் காரியம் முடிந்த பிறகு, அத்தையும் நானும் ரஜாய் பெட்டியை ஒழித்தோம். அடியில் அந்தத் தாள்கள் பழுப்பேறி இன்னும் கிடந்தன. "பாவம் அம்மா. நீ படிச்சுட்டு மனசு மாறிருவியோன்னு பயந்து இதை ஒளிச்சு வச்சிருக்கா" என்றேன். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு நாற்பது வயது ஆகியிருந்தது.

அத்தை தாள்களை மடியில் வைத்து நீவிவிட்டாள்.

"எனக்காகவா? நான் அந்த வாரமே ஆபீஸ்ல ஒருத்திகிட்ட வாங்கிப் படிச்சுட்டேன்ட்டி. மதினிக்கும் அது தெரியும்" என்றாள். "படிச்சுரக் கூடாதுன்னு அவ பயந்தது உங்கப்பாவை நெனச்சு."