வடிவம்மாளின் அடைமுட்டைகள்

“அக்கா, இந்த முட்டையெல்லாம் கழுவுனீங்களா?”

“கழுவாம? வெந்நீர்ல ஒவ்வொண்ணா தேச்சேன்லா. பசார்ல கேட்டுப் பாரு, வடிவம்மா முட்டைன்னா பளிங்கும்பாங்க!”

“அதனாலதான் உள்ளே கரு செத்துப்போகுது போல.”

“கருவா? நீங்க திங்கலையா?” வடிவம்மாள் கூடையைத் தரையில் வைத்துவிட்டார். “மூளை ஆராய்ச்சின்னு சொன்னியே! மூளைக்கு நல்லதுன்னு அவிச்சுத் தின்றீங்கன்னுல்ல நெனச்சேன்! அடைக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தண்ணியே காட்டியிருக்க மாட்டேனே!”

பினாங்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூட வாசலில் நின்ற குணவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று மாதமாக முட்டை வாங்குகிறாள். முட்டை எதற்கென்று அவள் சொன்னதுமில்லை, அவர் கேட்டதுமில்லை.

கோழிக்கருவின் நரம்பணுக்களைக் கண்ணாடித் தட்டில் வைத்து, வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தில் ஒரு துளி விட்டால் அவை இழைவிட்டு வளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் புரதம் இன்னும் ஒரு முறைக்குத்தான் மிச்சம். இதுவும் தவறினால் அவளுடைய முதுகலைப் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும்.

வடிவம்மாள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது, நான்கு கோழிகளோடு கடலுக்கு அக்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாமுக்கு வந்தார். இப்போது, 1987இல், அந்த நான்கும் பெருகி நூற்றைம்பதாகியிருந்தன.

அடுத்த வாரம் உமி பரப்பிய கூடையில், இறகும் அழுக்குமாக மூன்று டஜன் முட்டைகள் வந்தன. பஸ்ஸிலும் ஃபெர்ரியிலும் யாரையும் தொடவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். “எல்லாம் சேவலோட திரியற பெட்டைங்க போட்டது. நான் பொறுப்பு.”

அடைகாப்புப் பெட்டியில் வைத்த எட்டாம் நாள் முப்பத்தொரு கருக்கள் உயிரோடிருந்தன. நரம்பு முடிச்சுகளைப் பிரித்துத் தட்டுகளில் வைத்தாள். மறுநாள், புரதம் விடாத தட்டில் அணுக்கள் சுருண்டு கிடந்தன. விட்ட தட்டிலோ ஒவ்வொரு முடிச்சைச் சுற்றியும் நூலிழைகள் சூரியக் கதிர்போல விரிந்திருந்தன.

அடுத்த முறை வந்த வடிவம்மாளை அழைத்து நுண்ணோக்கியில் காட்டினாள். அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“இது என் கோழியோடதா?”

“ஆமாக்கா. ஆய்வேட்டுல உங்க பேரையும் எழுதப் போறேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்து நிமிர்ந்தார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குணவதியின் காதோரம் குனிந்தார்.

“பேரைப் பெருசாவே போடும்மா. கழுவாத முட்டைன்னு மட்டும் எழுதிடாதே. பசார்ல மானம் போயிடும்லா.”