பூந்தொட்டி வீட்டின் சொந்தக்காரர்

இவ்வளவு காலம் வாய் மூடியிருந்தது போதும்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கடை வைத்திருக்கும் ஒருவர், நான் என் மகனுக்கு அவர் மகளைப் பெண் கேட்டபோது, "வாடகை வீட்டுக்கோ என்ர பிள்ளையைத் தாறது?" என்று சிரித்தவர்.

இன்று ஊர்ச் சங்கப் பயணத்தில் ஒரு பழைய கல்வீட்டுக் கிராமம் பார்க்கப் போனோம்.

பூந்தொட்டிகள் தொங்கும் ஒரு வாசலில் நின்று, அவர் தன் மகளுக்குப் பேசியிருக்கும் லண்டன் மாப்பிள்ளை வீட்டாருக்கு வீடியோவில் காட்டினார்:

"இதுதான் எங்கட வீடு."

கதவு திறந்தது. ஒரு பிரெஞ்சுக் கிழவி ஏதோ கேட்டாள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார்.

நான் லண்டனுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அண்ணை, வீட்டுக்காரி வந்திட்டா. நீங்கள் ஆரெண்டு கேக்கிறா!"

அழைப்பு அறுந்தது. திரும்பும் வழியெல்லாம் அவர் மகள் அழுதாள். பாவம்தான். என் மகனும் இன்று சாப்பிடவில்லை.

இதை என் பெயர் போடாமலே பதிகிறேன். என் குரலைத்தான் லண்டன்வரை கேட்டுவிட்டார்களே, பெயர் எதற்கு?