எந்த பெல்ட் இது?

நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்ப்பது என் வேலை. மாத்திரை போட்டும், சோற்றைக் குறைத்தும் என் சர்க்கரை இறங்கவேயில்லை. பகலெல்லாம் கண் சொக்கும். ஷிப்ட்தான் காரணம் என்றிருந்தேன்.

ஒரு மதியம் நான் தூங்கி எழுந்ததும், மகள் செல்போனில் ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். கடகடவென ஓடி, சட்டென்று நின்று, திணறி மறுபடி கிளம்பியது.

"ரோலர் சிக்கிக்கினு இருக்கு. இப்படியே வுட்டா மோட்டார் போயிடும். எந்த பெல்ட்டும்மா இது?" என்றேன்.

"நீங்க தூங்குன சத்தம்பா. நிக்கிற எடத்துல உங்களுக்கு மூச்சே இல்ல" என்று அழுதுவிட்டாள்.

தூக்கத்தில் இப்படி மூச்சு நிற்பதும் சர்க்கரையை ஏற்றும் என்றார் டாக்டர். இப்போது மாத்திரையோடு, காற்று தரும் முகமூடியும் மாட்டித்தான் படுக்கிறேன். சர்க்கரை மெல்ல இறங்குகிறது. சத்தமே வராததால் என் மனைவிதான் பயந்துபோய், "இருக்கீங்களா?" என்று தட்டி எழுப்புகிறாள்.