கை குடு என்று கேட்ட நாள்

எனக்கு எழுபத்தோரு வயது. ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினேன். அதில் ஒன்று என் தங்கை விட்டுச்சென்ற பிள்ளை. ஐந்தும் என் மீன் கூடையில்தான் வளர்ந்தன.

காசிமேட்டில் மீன் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்பவள் நான். மீன் நிறைந்த அன்னக்கூடையைத் தலையில் ஏற்ற மற்றவர்கள் எல்லாரும் "கை குடு" என்று பக்கத்துக்காரியைக் கேட்பார்கள். அவள் ஒரு பக்கம் பிடிப்பாள். நான் மட்டும் கேட்டதில்லை. முட்டியில் வைத்து ஒரே எம்பு, தலைக்குப் போய்விடும். அந்தப் பெருமைதான் ஒரு நாள் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம். ஆள் வராவிட்டாலும் பக்கத்துக்காரி அந்த ஆளின் மீன் விற்கும் பலகையைத் தினமும் கழுவி வைத்தால் இடம் போகாது. என் பலகையைக் கழுவியவள், இருபது வருஷமாக என்னோடு சண்டை போடுகிறவள். "ஆடி முடியற வரைக்கும் கழுவுறேன். அதுக்கு மேல வேற ஆள் குந்தும், சொல்ட்டேன்" என்று போனில் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண், "உள்ள சதை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு ஆயா. அது ஆறணும். அதுவரைக்கும் முதுகு மேல பாரம் ஏறாம பாத்துக்கணும். ஆனா படுத்தே கெடக்கவும் கூடாது" என்றாள். தரையில் மல்லாந்து, கெண்டைக்காலை நாற்காலிமேல் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் ஊன்றியபடி, இரண்டு கையாலும் அழுத்தி இடுப்பை லேசாக மேலே தூக்கிப் பத்து எண்ண வேண்டும். நடுநடுவே கொஞ்சம் நடக்க வேண்டும்.

மருமகள் உலை வைத்ததும் படுப்பேன். அரிசி போடும்போது எழுந்திருப்பேன். எங்கள் வீட்டுக் கதவு நடைபாதையைப் பார்த்துத் திறந்தே இருக்கும். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, கால மேல போட்டுகினு ராணியாட்டம் கீற?"

"ஆமாண்டி. சும்மா நிக்காம வந்து விசிறு."

மூன்றாம் வாரம் வலி காணாமல் போயிற்று. மறுநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் மார்க்கெட்டுக்குப் போனேன். பலகை பளிச்சென்று இருந்தது. பக்கத்துக்காரியின் மீன் கூடை நிறைந்து கீழே இருந்தது. அவள் பார்க்கட்டும் என்றே குனிந்து அதைத் தூக்கி எம்பினேன். பாதியில் இடுப்பில் கத்தி இறங்கியதுபோல இருந்தது. கூடை கவிழ்ந்து சங்கரா மீனெல்லாம் சேற்றில் கிடந்தது. அவள் திட்டவில்லை. மீனை விட்டுவிட்டு என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரிப் பெண், "வலி போச்சுன்னா ஆறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல ஆயா" என்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பம்.

இந்த முறை ஒரு வேளைகூட விடவில்லை. பேரன் பேத்திகள் பள்ளிக்குக் கிளம்பும் சத்தத்தில் படுத்தேன், டிவி சத்தத்தில் நாற்காலியில் கை ஊன்றினேன். முதலில் நான்குதான் எண்ண முடிந்தது. பிறகு ஏழு. பத்து வந்த அன்று மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கெளவிக்கு கொழுப்பப் பாரு" என்று சிரித்தாள். தெருமுனை வரை நடந்தேன், பிறகு ரயில் கேட் வரை. ஆஸ்பத்திரிப் பெண் குனியவைத்து, நிமிரவைத்துப் பார்த்துவிட்டு, "போலாம். தலைல மட்டும் ஏத்தாத, தனியா தூக்காத" என்றாள்.

ஆடி முடிய நான்கு நாள் இருந்தது. ஷேர் ஆட்டோவிலிருந்து அரைக் கூடை மீனை டிரைவர் இறக்கி வைத்தார். என் பலகை பத்தடி தூரத்தில் ஈரமாக இருந்தது. மொத்த மார்க்கெட்டும் என்னைப் பார்ப்பதாகவே தோன்றியது.

"ஏய், கை குடு" என்றேன்.

பக்கத்துக்காரி திரும்பினாள். "இன்னா சொன்ன?"

"காது அடச்சுகிச்சா? கை குடுடி."

ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தோம். அவள் போகும்போது, "இத்த கேக்க இத்தினி வருசமா?" என்றாள். பதிலுக்கு, அன்று என்னால் சேற்றில் போன சங்கராவுக்கு ஈடாக என் கூடையிலிருந்து நல்லதாய் நான்கு எடுத்து அவள் பலகையில் போட்டேன்.

எனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிவிட்டேன். பேத்தி, இங்கே வா. இதை ஒரு தடவை படிச்சுக் காட்டு கண்ணு. நான் கை குடுன்னு கேட்ட இடத்துல மட்டும் குரலை எறக்காத, சத்தமாவே படி.